மருந்து வீடு வந்த பிறகு

ஒரே மருந்து, இரண்டு பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பு எடுக்கும் எந்த டீச்சருக்கும் இந்தப் புதிர் பழக்கமானதாக இருக்கும். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு வீசிங், அதாவது ஆஸ்துமா. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே டாக்டர், சீட்டில் எழுதியிருப்பதும் அதே மருந்து. கவின் மதிய இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடி, வியர்த்து வழிய வந்து உட்காருகிறான். இனியாவுக்கோ ஐப்பசி பிறந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. வருகிற நாளிலும் இரண்டாவது பீரியடிலேயே தலை டெஸ்க்கில் சாய்ந்துவிடுகிறது. இருவரும் நான் கற்பனை செய்த பிள்ளைகள்தான். ஆனாலும் உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வகுப்பில் இவர்களை வேறு பெயரில் பார்த்திருப்பீர்கள்.

நோயும் மருந்தும் ஒன்றாக இருக்கும்போது பிள்ளைகளின் நாட்கள் மட்டும் ஏன் இப்படிப் பிரிகின்றன?

"அவ உடம்பு வாகு அப்படி" என்பது ஒரு பதில். அதில் உண்மை உண்டு. ஆஸ்துமாவின் கடுமை பிள்ளைக்குப் பிள்ளை மாறும். "வீட்டுல சரியா கவனிக்கறதில்ல" என்பது இன்னொரு பதில். இது பெரும்பாலும் அநியாயமான பழி. கவனிக்காத வீட்டில் யாரும் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி அலைய மாட்டார்கள். இனியாவின் அம்மா பல இரவுகள் அப்படி அலைந்தவர்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தானே மருந்துக் கடைக்குப் போவதில்லை, சீட்டைப் படிப்பதில்லை, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பதில்லை. டாக்டருக்குத் தெரிந்தது எதுவானாலும் ஒரு பெரியவரின் மனதுக்குள் புகுந்து, அங்கே ஒரு வடிவம் எடுத்து, பிறகுதான் பிள்ளையின் உடம்புக்கு வந்து சேர்கிறது. உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிப் பெறவும், புரிந்துகொள்ளவும், நம்பலாமா என்று எடைபோடவும், அன்றாடத்தில் அதன்படி நடக்கவும் ஒருவருக்கு இருக்கும் திறனை ஆய்வாளர்கள் 1970களிலிருந்து 'ஹெல்த் லிட்டரசி' என்று அழைக்கிறார்கள். நாம் நலப் புரிதல் என்போம்.

வாசிக்கத் தெரிந்தவர் எண்ணத் தவறிய இடம்

நலப் புரிதல் என்றதும் பள்ளிப் படிப்பு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு நேரான உறவு அல்ல. 2006இல் டெர்ரி டேவிஸ் என்பவரின் குழு அமெரிக்க மருத்துவமனைகளில் செய்த ஒரு சோதனை இதைக் காட்டியது. 395 பெரியவர்களிடம் மாத்திரைக் குப்பிகளைக் கொடுத்து, மேலே ஒட்டியிருந்த குறிப்பை வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னார்கள். ஒரு குறிப்பின் சாரம் இதுதான்: இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை.

வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்து, ஒரு நாளைக்கு வேண்டிய மாத்திரைகளை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னார்கள். சரியாக நான்கை எடுத்தவர்கள் 34.7 சதவீதம்தான்.

வாய் சொன்னதைக் கை செய்யவில்லை. "புரிஞ்சுதாம்மா?" என்று டாக்டர் கேட்கிறார், "புரிஞ்சுது சார்" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பொய்யே இல்லை. சொற்கள் புரிந்துவிட்டன. ஆனால் சொற்களை எண்ணிக்கையாகவும் நேரமாகவும் வீட்டுப் பழக்கமாகவும் மாற்றும் வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும். அதைப் பார்க்க அங்கே டாக்டர் இருக்க மாட்டார்.

பிள்ளைகளின் மருந்தில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது, ஏனென்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் சிரப். அளந்து ஊற்ற வேண்டும். ஷோன்னா யின் என்ற குழந்தை மருத்துவரின் குழு 2016இல் 2,110 பெற்றோர்களை வெவ்வேறு அளவுகளில் மருந்தை ஊற்றிக் காட்டச் சொன்னது. 84.4 சதவீதம் பேர் ஒரு முறையாவது, சொன்ன அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினார்கள். 21 சதவீதம் பேர் ஒரு முறையாவது இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றினார்கள். அதே பெற்றோர் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தபோது, சிறு கப்பில் அளந்ததைவிடத் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி மாறினாலே தவறு குறைகிறது என்றால், நலப் புரிதல் தலைக்குள் மட்டும் இருக்கிற சரக்கு இல்லை என்றாகிறது.

பிள்ளையின் ஒரு நாளை எப்படி அளப்பது?

இனியாவின் நாள் மோசம், கவினின் நாள் நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ஒரு பிள்ளை எப்படி வாழ்கிறது என்பதற்கு?

அதற்கும் அளவுகோல்கள் உண்டு. ஜேம்ஸ் வார்னி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 1999 முதல் உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாளைப் பார்ப்போம். பெட்ஸ்கியூஎல் என்று பெயர். மொத்தம் 23 கேள்விகள். ஓட முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று எட்டுக் கேள்விகள் உடலைப் பற்றி. பயம், துக்கம், கோபம், தூக்கம் என்று ஐந்து கேள்விகள் மனதைப் பற்றி. மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று ஐந்து. பள்ளியைப் பற்றி ஐந்து. அதில் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டது தனி, டாக்டரிடம் போவதற்காக லீவு போட்டது தனி. பதில்கள் 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணாகின்றன. இப்படி அளக்கப்படுவதை வாழ்நலம் என்று அழைக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஐந்து வயதுப் பிள்ளையிடமும் நேரடியாகக் கேட்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்தது. ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கு மூன்று முகங்களை வரைந்து நீட்டுகிறார்கள்: சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம். பிள்ளை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். பெற்றோருக்குத் தனித் தாள். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அம்மா இரவு இருமலை எண்ணிக்கொண்டிருப்பார். பிள்ளைக்கோ "உனக்கு வீசிங் வந்துடும், நீ ஆட்டத்துக்கு வேணாம்" என்று ஒதுக்கிவிட்டதுதான் பெரிய வலியாக இருக்கும்.

இந்த அளவுகோல் உறுப்பைப் பார்ப்பதில்லை, நாளைப் பார்க்கிறது. ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காதது இங்கே மதிப்பெண்ணில் விழும்.

ஒரு ஸ்பூனும் இருபது பஃப்பும்

இப்போது இனியாவின் வீட்டுக்குள் போவோம். ஒரே ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அது எப்படி அவளுடைய நாளாக மாறுகிறது என்று பார்ப்போம்.

முதலில் நெஞ்சுக்குள் நடப்பது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் சற்று வீங்கியும் சிவந்தும் இருக்கும். தூசியோ, புகையோ, சளிக் காய்ச்சல் வைரஸோ தொட்டால் போதும். குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. உள்ளே சளி சுரக்கிறது. மூச்சு போகும் வழி குறுகுகிறது. குறுகலின் விளைவு நாம் நினைப்பதைவிடக் கொடுமையானது: குழாயின் விட்டம் பாதியானால், காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு. பிள்ளைகளின் குழாய் ஏற்கெனவே சிறியது என்பதால் கொஞ்சம் வீங்கினாலே விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து சால்புட்டமால். வீட்டுக்கு அது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகிறது: சிரப்பாகவும் இன்ஹேலராகவும். இனியாவின் வீட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். சிரப் லேசானது, சின்னப் பிள்ளைக்கானது. இன்ஹேலர் கடுமையானது, கடைசி நேரத்துக்கானது, ஒருமுறை தொட்டால் பழகிவிடும். ஆகவே இன்ஹேலரை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு சிரப்பைக் கொடுக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வழக்கமான சால்புட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதாவது ஒரு ஸ்பூனில் 2,000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால், அதாவது ஒரு பஃப்பில், வெளிவருவது 100 மைக்ரோகிராம். மருந்து அதே மருந்துதான். ஒரு ஸ்பூன் சிரப் இருபது பஃப்புக்குச் சமம்! இழுப்பு வந்தால் முதலில் கொடுக்கச் சொல்வது பொதுவாக இரண்டு பஃப். கடும் இழுப்பில் டாக்டர் பத்து பஃப் கொடுத்தாலும் அது அரை ஸ்பூன் அளவுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, அதில் ஒரு துளி நுரையீரலுக்கு வந்து சேர வேண்டும். இன்ஹேலர் மருந்து மூச்சுக்குழாயில் நேராக இறங்குகிறது. அதனால்தான் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. சிரப்புக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். உடம்பு முழுக்கச் சுற்றிய சிரப் வழியில் சும்மா போவதில்லை. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை ஓரிடத்தில் உட்காராது, தூக்கம் வராது.

இப்போது வகுப்பறையைத் திரும்பிப் பாருங்கள். இனியாவின் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று திட்டு வாங்குகிறாள். இரவு தூங்காததால் இரண்டாவது பீரியடில் கண் சொருகுகிறது. பெட்ஸ்கியூஎல் தாளில் தூக்கம், கவனம், தெம்பு என மூன்று இடங்களில் மதிப்பெண் இறங்குகிறது. இதில் எத்தனை பங்கு ஆஸ்துமாவுடையது, எத்தனை பங்கு ஸ்பூனுடையது? வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாமே நோயாகத்தான் தெரியும். "இவ்வளவு மருந்து குடுத்தும் கேக்கலியே" என்று ஸ்பூனைக் கூட்டுவார்கள்.

லேசானது, கடுமையானது என்று மருந்தைத் தரம் பிரிக்கும்போது இங்கே பார்க்கப்பட்டது வடிவம். இனிப்பாக, சிவப்பாக, ஸ்பூனில் வருவது குழந்தைக்கானது. மெஷின் மாதிரி இருப்பது பெரியவர்களுக்கானது. படிப்பு இந்தப் பிரிவினையைத் தானாகச் சரிசெய்துவிடாது. பொறியியல் படித்த அப்பாக்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து?

ஆஸ்துமாவுக்கு இன்னொரு மருந்து உண்டு. அதுதான் இன்னும் பெரிய குழப்பம்.

சால்புட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். உள்சுவரின் வீக்கத்தைத் தொடாது. மழைநீர் கசியும் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் கறை மறையும், கசிவு நிற்காது அல்லவா? கசிவை அடைக்கும் வேலை உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுடையது. அடிக்கடி இழுப்பு வரும் பிள்ளைகளுக்குத்தான் அதை எழுதுகிறார்கள். அதைத் தினமும், பிள்ளை துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும் நாளிலும், எடுக்க வேண்டும். எடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாது. முழுப் பலன் தெரிய வாரக்கணக்காகும். நிறுத்தினாலும் உடனே ஒன்றும் ஆகாது; சில வாரம் கழித்து ஒரு மழை நாளில் ஆகும். அப்போது பழி மழைக்கும் தயிருக்கும் போகும்.

மனித மனம் பாடம் கற்கும் வழிக்கு நேர் எதிரான மருந்து இது. கொடுத்தால் பலன் தெரிய வேண்டும், நிறுத்தினால் பாதிப்பு தெரிய வேண்டும். அப்போதுதான் அனுபவம் ஆசானாக முடியும். இரண்டும் தள்ளிப்போகும்போது அனுபவமே தவறான பாடம் நடத்துகிறது. "ரெண்டு மாசம் நிறுத்திப் பாத்தோம், நல்லாத்தான் இருந்தா" என்று ஓர் அம்மா சொல்வது முட்டாள்தனம் அல்ல. அவர் கண்ணால் கண்டது அதுதான்.

இதோடு ஸ்டீராய்டு என்ற பெயர் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்பேன். அதில் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. வட அமெரிக்காவில் ஐந்து முதல் பதின்மூன்று வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் புடெசோனைடு இன்ஹேலரைப் பல ஆண்டுகள் கொடுத்து, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு உயரத்தை அளந்தார்கள். 2012இல் வந்த முடிவு: மருந்து எடுக்காத குழுவைவிட அவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, இந்த மருந்தை நிறுத்தியதால் இழுப்பு முற்றி, மருத்துவமனையில் மாத்திரையாகவோ ஊசியாகவோ போகும் ஸ்டீராய்டின் அளவையும் சொல்ல வேண்டும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் கொடுப்பது சாதாரணம். அது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் எடையை வைத்து வலிமையை ஒப்பிட முடியாது. ஆனால் மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது, இன்ஹேலர் பெரும்பாலும் நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

ஒருபக்கம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம். மறுபக்கம் தூங்காத இரவுகள், போகாத வகுப்புகள், ஓடாத ஓட்டம். நலப் புரிதலின் உச்சம் இப்படி எடைபோடுவதில் இருக்கிறது. "ஸ்டீராய்டா? வேண்டாம்" என்பவரும், "டாக்டர் சொன்னார், கேள்வி கேட்கக் கூடாது" என்பவரும் தராசையே தொடவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

கற்பனை இனியாவை விட்டு உண்மைப் பிள்ளைகளுக்கு வருவோம். 2007இல் டேரன் டிவால்ட் குழு ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 150 பேரின் வாசிப்புத் திறனை அளந்து, பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிட்டது. திறன் குறைந்த பெற்றோரின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்கள் மற்றவர்களைவிட 2.8 மடங்கு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது 4.6 மடங்கு. அவசரத் தேவைக்கான இன்ஹேலரை அவர்கள் அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள்.

150 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மேலும் வாசிப்புத் திறன் குறைந்த வீட்டில் வேறு பல குறைகளும் சேர்ந்தே இருக்கலாம்: ஈரச் சுவர், நெரிசலான அறை, பேருந்துக் கட்டணம். இவற்றையெல்லாம் மீறிப் புரிதலுக்கென்று தனிப் பங்கு உண்டா?

இதற்கு வேறொரு திசையிலிருந்து ஒரு பதில் கிடைத்தது. அம்மா படித்திருந்தால் குழந்தை பிழைக்கிறது என்பதை நைஜீரியாவின் இபாதானில் கிடைத்த தரவுகளைக் கொண்டு ஜான் கால்டுவெல் 1979இல் வலுவாகச் சொல்லியிருந்தார். படிப்பின் எந்தப் பகுதி பிள்ளையைக் காக்கிறது என்று பொருளியலாளர் பால் க்ளூவி மொராக்கோ குடும்பங்களின் தரவுகளில் தேடினார். எழுத்தும் எண்ணும் தெரிந்ததா? புதிய உலகத்தோடு பழகியதா? உடல்நல அறிவா? 1999இல் அவர் கண்டது, உடல்நல அறிவுதான் தீர்மானித்தது. அந்த அறிவோ வகுப்பறையில் கிடைத்ததல்ல. பள்ளியில் கற்ற எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு தாய்மார்கள் பிறகு வெளியே சேகரித்தது. படிக்காத அம்மாவுக்கும் அந்த அறிவை நேரடியாகக் கொடுக்க முடியும் என்பது இதிலிருந்து வரும் நம்பிக்கை.

வீட்டில் ஒரே ஒரு பெரியவரா இருக்கிறார்?

ஆய்வுத்தாள்களில் 'பெற்றோர்' என்று ஒரே சொல்லாக இருப்பது நம் வீடுகளில் ஒரு கூட்டம். அம்மா டாக்டரிடம் கேட்டு வருகிறார். ஆனால் அவர் வேலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்ப்பவர் ஆச்சி. மருந்து வாங்குபவர் அப்பா. கடையில் "இது இல்ல சார், இதே மாதிரி வேற இருக்கு" என்றால் தலையாட்டுபவரும் அவரே. பக்கத்து வீட்டு அக்கா "எங்க பையனுக்கு பிரைமரி காம்ப்ளக்ஸ்னு சொன்னாங்க, ஆறு மாசம் மருந்து குடுத்தோம்" என்று ஒரு புதிய பெயரைக் கொண்டுவருகிறார். பிள்ளைப் பருவக் காசநோயைக் குறிக்கும் பெயர் அது; தொடர்ந்து இருமும் பிள்ளைக்கெல்லாம் நம் ஊரில் ஒட்டப்படுகிறது. 'ஆஸ்துமா' என்ற சொல்லைக் கேட்டால் வீடு அதிர்ந்துபோகும், பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுவரை கவலை போகும் என்பதால் டாக்டர்களே 'அலர்ஜி சளி' என்று மென்மையாக்கிச் சொல்வதும் உண்டு. மென்மையான பெயருக்கு நீண்டகால மருந்து எதற்கு என்று வீடு கேட்பது நியாயம்தானே?

ஆச்சியின் அறிவை ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா என்று பார்க்கும் கண் அவருடையது. மருத்துவரும் அதைத்தான் பார்ப்பார். அதே ஆச்சிதான் வாழைப்பழமும் தயிரும் ஆரஞ்சும் கூடாது என்கிறார். அந்தப் பொருளுக்கே ஒவ்வாமை உள்ள பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு இந்தத் தடையால் நோய் குறைவதில்லை. பிறந்தநாள் வீட்டில் தட்டோடு ஓரமாக உட்காருவதுதான் மிச்சம். இரவு பிள்ளையைக் கொசு கடிக்கக் கூடாதென்று தலைமாட்டில் சுருள் ஏற்றி வைப்பவரும் அவர்தான். 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று அளந்தது. ஜன்னலைச் சாத்திய அறையில் அதுதான் இனியாவின் இரவுக் காற்று. தயிரை நிறுத்திய வீட்டில் சுருளை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஒரு வீட்டின் நலப் புரிதல் என்பது அந்த வீட்டில் அதிகம் தெரிந்தவரின் அறிவு கிடையாது. பிள்ளை யாருடைய கையில் அதிக நேரம் இருக்கிறதோ, அவர்வரை எது போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

சொல்பவரின் பாதி

இதுவரை கேட்பவரைப் பற்றியே பேசினோம். சொல்பவருக்கும் இதில் பாதிப் பங்கு.

நம் மருந்துப் பெட்டிகளின் மேல் இருப்பது ஆங்கிலம். அதுவும் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். சீட்டில் '1-0-1' என்று இருக்கும்; காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. இப்படி ஒரு கதவை வைத்துவிட்டு, உள்ளே வரத் தெரியவில்லை என்று தாயைக் குறை சொல்கிறோம்.

டீன் ஷில்லிங்கர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்கள் சர்க்கரை நோயாளிகளிடம் பேசியதைப் பதிவு செய்து கேட்டார்கள். புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தை மட்டுமே, நோயாளிக்கு அது விளங்கியதா என்று டாக்டர்கள் சோதித்திருந்தார்கள். அப்படிச் சோதித்தவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. முறை எளியது. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய் ஆச்சிகிட்ட எப்படிச் சொல்வீங்க? நான் சரியா சொன்னேனான்னு தெரிஞ்சுக்கறேன்" என்று கேட்பது. திருப்பிச் சொல்லல் என்று இதை அழைக்கலாம். தேர்வு எழுதுபவர் டாக்டராகிவிடுவதால் தாய்க்குக் கூச்சம் இல்லை.

இன்ஹேலரில் சொல்வதோடு நிற்காமல் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். பிள்ளைகளால் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய முடியாது. அதனால் நடுவே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு. இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுத்து, பிறகுதான் அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் சேர்த்து அழுத்தினால் மருந்து கூட்டின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கூட்டைக் கழுவினால் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்துத் துகளைப் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காய வைக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பத்து வருடம் இன்ஹேலர் வைத்திருந்தும் துடைக்கிற விஷயத்தை யாரும் சொல்லாத வீடுகள் நிறைய.

ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்றால்? தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரின் குழு, அரை லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை அடைத்து, இழுப்போடு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1999இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சமமாக வேலை செய்தது. பாலிஸ்டைரீன் கப் தோற்றது. ஆவிபோல மருந்தைப் பொழியும் நெபுலைசர் மெஷினைவிட ஸ்பேசர் சளைத்ததல்ல என்பதையும் பிள்ளைகளிடம் நடந்த பல சோதனைகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. "புகை வைக்க" என்று பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பல இரவுகள் வீட்டிலேயே தீர்ந்திருக்கக் கூடியவை. உதடு நீலமானால், பேச்சு முழுதாக வராவிட்டால், மருந்துக்கு மசியாவிட்டால் ஓடத்தான் வேண்டும். எந்த நிலையில் ஓடுவது என்பதைத் தமிழில், ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமை உண்டு.

பள்ளி மணி அடித்த பிறகு

வீட்டுப் பெரியவர்களைச் சரிசெய்துவிட்டாலும் பிள்ளை பகலில் பெரும்பகுதியை வேறு பெரியவர்களிடம் கழிக்கிறது. பி.டி. மாஸ்டர் ஓட்டத்தில் நின்றுவிட்ட பிள்ளையைச் 'சாக்கு' என்று நினைக்கலாம், அல்லது பயந்து ஒரேயடியாக விளையாட்டிலிருந்தே விலக்கிவைக்கலாம். இரண்டும் வாழ்நலத்தைக் குறைக்கும். சரியாகக் கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோடு பிள்ளை ஓடலாம், ஓட வேண்டும். பள்ளிக்கூடம் இன்ஹேலரைப் பார்த்தாலே பீரோவில் பூட்டி வைப்பதும், வீட்டில் 'வகுப்பில் கேலி பண்ணுவாங்க' என்று அதைப் பையிலேயே போடாமல் விடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முனைகள்.

பள்ளியையே மருந்து கொடுக்கும் இடமாக மாற்றினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஜில் ஹால்டர்மன் குழு பார்த்தது. மூன்று முதல் பத்து வயதுக்குள் 530 பிள்ளைகள். பாதிப் பேருக்கு இழுப்பைத் தடுக்கும் தினசரி மருந்தை, பள்ளி நாட்களில் பள்ளியின் செவிலியரே கொடுத்தார். மீதிப் பேருக்கு வழக்கம்போல வீட்டில். 2011இல் வந்த முடிவில், பள்ளியில் மருந்து எடுத்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குச் சுமார் ஒரு நாள் கூடுதலாக இழுப்போ இருமலோ இல்லாத நாள் கிடைத்தது. பத்து மாதக் கல்வியாண்டுக்குப் பெருக்கினால் இருபது நாள்.

நம் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் செவிலியர் இல்லை. ஆனால் குடற்புழு நீக்க நாளில் வகுப்பு டீச்சர்களே வரிசையாக நிறுத்தி, அல்பெண்டசோல் மாத்திரையைக் கொடுத்து, கண்ணெதிரே மென்று விழுங்க வைக்கிறார்கள். 2015இல் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவிய வேலை இது. காலை வணக்கம் முடிந்ததும் வகுப்பில் இருக்கும் ஒன்றிரண்டு ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடும் டாக்டரின் ஒரு பக்கத் தாளோடும், ஸ்பேசரை நீட்ட ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் கேலியும் கொஞ்ச நாளில் சலித்துப்போகும்.